தூணுக்குப் பின்னால் இருந்த வாங்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நோர்பரிக்குப் பக்கத்தில் விக்டோரியா காலத்துச் சிற்றாலயம் ஒன்றைத் திருத்தியமைக்குமுன் அளந்து, வரைந்து, பதிவு செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் ஆலயத்தைப் பராமரித்த பெரியவர். யாழ்ப்பாணத்தவர், மெலிந்த உடம்பில் இரண்டு சுவெட்டர். அந்தக் குளிரிலும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் உள்ளே நடப்பார். நாடாவை வைக்குமுன், சபையார் அமரும் ஒவ்வொரு மர வாங்கையும் கைலேஞ்சியால் துடைப்பார். எல்லாம் கழற்றி எறியப்போகிற வாங்குகள் என்று சொல்லியும் அவர் விடவில்லை.

மூன்றாம் நாள் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, தூணுக்குப் பின்னால ஒரு சின்ன வாங்கு இருக்கு. அதையும் கீறினீங்களோ?"

"ஓம் ஐயா. பக்கத்தில 'குறை' எண்டும் எழுதிப்போட்டன். அதில இருந்தா தூண் மறைச்சுப் போதகரைத் தெரியாது."

"அவருக்கும் எங்களைத் தெரியாது," என்றார். "இந்த நாட்டுக்கு வந்த புதிசில நான் அதிலதான் இருந்து அழுறனான்."

சொல்லிவிட்டு, நாடாவை அடுத்த வாங்குக்கு இழுத்தார். நான் 'குறை' என்று எழுதியிருந்ததை அழித்தேன். அந்த இடத்தில் வேறு என்ன எழுதியிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் தெரியவில்லை.