குமே குன்றில் இரண்டு தீ

சீனத்துக்குக் காணிக்கை கொண்டுபோன அரசரின் கப்பல்கள் திரும்பும்போது, முதலில் தென்படுவது குமே தீவுக்குத்தான். ஒரு கப்பல் வந்தால் குன்றின்மேல் ஒரு தீ, இரண்டு வந்தால் இரண்டு. அதைப் பார்த்து அடுத்தடுத்த தீவுகளில் தீ எழும்பி, அரசர் இருக்கும் நாஹா துறைக்குச் சேதி போய்ச் சேரும். அந்தக் காவல் சன்ராவுடையது. விறகு சுமந்தவள் அவன் மனைவி கமாது.

அந்த முறை போன இரண்டில் சின்னக் கப்பலில் அவள் அண்ணன் ஜிரு இருந்தான். கடலில் அண்ணனைக் காப்பது தங்கையின் ஆவி என்பது ஊர் நம்பிக்கை. கமாது தன் முடியில் ஒரு கற்றையை அறுத்து அவன் இடுப்புத் துணியில் தைத்து அனுப்பியிருந்தாள். குளிர்காலம் பிறந்ததும் அவள் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது.

"உன் முடிதான்டி அவனைக் காக்குது. அதுவே கொட்டுதே!" என்றாள் கிணற்றடியில் ஒருத்தி. அதன்பிறகு கமாது தலையில் துணி கட்டாமல் வெளியே வருவதில்லை.

தெற்குக் காற்று திரும்பிய ஒரு மாலையில் பாய் தெரிந்தது. பெரிய கப்பல் மட்டும். திரும்பும் கப்பலில் முரசு அதிரும்; இது சத்தமே இல்லாமல் நகர்ந்து வந்தது.

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க. பின்னால வருதோ என்னமோ."

"ஒண்ணுதான் கமாது. கண்ணுக்குத் தெரியறதைத்தான் நான் சொல்ல முடியும்."

அவன் ஒரு தீயை மூட்டிவிட்டு, ஊர்த் தலைவரிடம் சொல்லக் கீழே இறங்கினான். ஒற்றைத் தீ அண்ணனைச் செத்தவன் என்று உலகத்துக்கே அறிவிப்பதுபோல் இருந்தது அவளுக்கு. கொள்ளியை எடுத்துப் பக்கத்து விறகுக் குவியலில் வைத்தாள். சன்ரா மூச்சிரைக்க ஓடி வந்தபோது, எதிர்த் தீவில் இரண்டு தீ எழுந்துவிட்டது.

"என்னடி பண்ணிட்டே!"

நாஹாவில் மாலுமிகளின் வீட்டுப் பெண்கள் துறைமேட்டில் கைகோத்து ஆடினார்கள். மறுநாள் வந்தது ஒரு கப்பல். சின்னக் கப்பலின் முரசு மூடுபனிக்குள்ளிருந்து வெகுநேரம் கேட்டதாகவும், பிறகு நின்றுபோனதாகவும் மாலுமிகள் சொன்னார்கள். ஆடிய பெண்கள் கடலைப் பார்த்தபடியே நின்றார்கள்.

விசாரிக்க அதிகாரிகள் குமே தீவுக்கு வந்தார்கள்.

"நான்தான் மூட்டினேன் ஐயா. கண்ணு மங்கிப்போச்சு," என்றான் சன்ரா.

"பொய்! நான்தான்!" என்று கமாது கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அவனைத் தொலைவிலுள்ள யாயேயாமா தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். காய்ச்சல் பிடித்த மண் அது. அடுத்த மழைக்காலத்தைக்கூட அவன் தாண்டவில்லை.

கமாது கிழவியாகும்வரை குமேயிலேயே இருந்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. கப்பல் வரும் பருவம் வந்தால் மட்டும், இரண்டு ஆட்கள் அவள் வாசலில் வந்து காவலுக்கு உட்காருவார்கள். அவளும் ஒன்றும் கேட்காமல் அவர்களுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வாள்.