சுவரில்லாத பெட்டி

குஸ்வாயோ சட்டைக் கையால் கணினித் திரையைத் துடைத்துவிட்டு, "பொறந்து வா, ராசா" என்று சொல்லித்தான் பொத்தானைத் தட்டுவார். உள்ளே பிறப்பது ஒரு பிரபஞ்சம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எப்படி இழையிழையாய்ச் சேர்ந்து திரள்கிறது என்று ஒரு பெட்டிக்குள் காட்டும் மென்பொருள், அவர் எழுதியது. டர்பனில் எங்கள் ஆய்வறையில் அதற்கு இருக்கிற மரியாதை எங்களுக்குக் கிடையாது.

ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ என்ற டர்பன் பண்டத்தை எல்லோரும் மேலிருந்து தின்பார்கள். இவர் ரொட்டியின் அடியில் ஓட்டை போட்டு, குழம்பு சட்டையில் வடிய வடியத் தின்பார். கேட்டால், "ஈர்ப்பு விசை வேலை செய்யுது, செய்யட்டுமே" என்பார்.

அறைக்கு இரண்டு கதவுகள். புதிதாக யார் வந்தாலும், இடது கதவால் வெளியேறி, நடைக்கூடத்தைச் சுற்றி, வலது கதவால் உள்ளே வந்து காட்டுவார். "பாத்தியா? என் பெட்டிக்குச் சுவரே கிடையாது. இந்தப் பக்கம் போறது அந்தப் பக்கம் வரும்." மூச்சு வாங்கும். நாங்கள் கைதட்ட வேண்டும். தட்டாவிட்டால் இன்னொரு சுற்று.

போன மாதம் மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. பெட்டியின் இரண்டு கோடிகளிலும், பாதி வளர்ந்து நின்றுபோன இரண்டு திரள்கள்! "உலகத்துல ஒருத்தனும் பாக்காதது!" படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். அதைக் கூட்டத்தில் காட்டித்தான், பலரும் பங்குபோட்டுக்கொள்ளும் பெரிய கணினியில் எங்களுக்கு அடுத்த ஆண்டுக்கான நேரம் கேட்பதாக ஏற்பாடு. கிடைக்காவிட்டால் எங்கள் எல்லோர் பிழைப்பும் அம்போ.

கூட்டத்தன்று காலை, பக்கத்து மேசை நொக்வாசி தேநீரோடு படத்தின் முன்னால் நின்றாள். குஸ்வாயோவை எங்கள் எல்லோரையும் போல மரியாதையாக, அப்பா என்ற பொருளில், 'பாபா' என்றுதான் கூப்பிடுவாள்; ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பாபா, ஒரு சந்தேகம். அந்தக் கதவுல உங்க பாதி, இந்தக் கதவுல மீதிப் பாதி தெரிஞ்சா, ரெண்டு குஸ்வாயோன்னு எண்ணணுமா?"

"ஒருத்தனையே உங்களால தாங்க முடியல..." என்று சிரிக்க ஆரம்பித்தவர், படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அடக் கடவுளே! மென்பொருள்ல திரளை எண்ணுற பகுதிக்கு, சுவர் இல்லேன்னு சொல்ல மறந்துட்டேனே."

"இன்னிக்கே சொல்லணுமா பாபா? நேரம் கெடச்சப்புறம் திருத்திக்கலாமே" என்றேன்.

அவர் படத்தைக் கிழியாமல் உரித்தெடுத்தார். படம் வெளியே தெரியும்படி குழாயாகச் சுருட்டி, இடது ஓரத்தை வலது ஓரத்தோடு பொருத்தினார். இரண்டு பாதிகளும் சேர்ந்து, எல்லோரும் ஆயிரம் தடவை பார்த்த சாதாரணத் திரள் ஒன்று உருண்டையாய் நின்றது. ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து ஓரத்தை ஒட்டினார். குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினார்.