மாமாவுக்குக் கிடைத்த பொது மன்னிப்பு

என் சின்ன மாமா சிறைக்குப் போனது என்னால்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதை முதலில் சொன்னால் கேட்பவர்கள் உடனே மன்னித்துவிடுகிறார்கள் என்பதால், பல காலம் அதையே முதலில் சொல்லிவந்தேன். இந்த முறை குற்றத்தை முன்னால் வைத்திருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வழியில் எங்கள் தோட்டம். கீழே ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பிராவில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான சின்ன மாமா. மாமாவுக்குக் கவ்வாத்து வேலை. வளர்ந்து முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை அது. கவ்வாத்துக்காரர்கள் தங்கள் கத்தியை யாருக்கும் இரவல் தரமாட்டார்கள். வேறு கை பட்டால் கத்தியின் வாய் கெட்டுப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கத்தி மாறிப்போகாமலிருக்கப் பிடியில் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருப்பார்கள். மாமா கொய்யாக்கட்டைப் பிடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு மீன் உருவத்தைச் சுட்டு வைத்திருந்தார். அவர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

பின் லயத்து அக்காவை மாமாவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளை அத்தை என்று கூப்பிடச் சொல்லித் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் எனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் கூப்பிட்டதும் அக்கா தண்ணீரை அள்ளி என்மீது வீசுவாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். குளிர் தாங்காமல் நடுங்கிக்கொண்டே மறுபடியும் கூப்பிடுவேன்.

எழுபத்தொன்றாம் ஆண்டு சித்திரையில் சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். எங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்குச் சம்பந்தம் இருந்தது; பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அவ்வளவு நீண்ட விடுமுறை அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை. மாலையானால் ஊரடங்கு. ஓடையைத் தாண்டக் கூடாது. கவ்வாத்துக் கத்திகளைப் பொழுது சாய்வதற்குள் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். இந்த மூன்று உத்தரவுகளில் இரண்டை ஒரே மத்தியானத்தில் நான் மீறினேன்.

கிரிக்கெட் ஆட எங்களிடம் மட்டை இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் காற்றில் முறிந்த சவுக்கு மரமொன்று பச்சை மாறாமல் கிடந்தது. வேலை முடிந்து வந்த மாமா கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சோறு தின்று தூங்கிப்போனார். நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். மட்டைக்கு வேண்டிய கட்டையை வெட்டி முடித்த நேரத்தில் றோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் கட்டையை அணைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். கத்தி அங்கேயே கிடந்தது.

மாமா எழுந்து கத்தியைத் தேடினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார், கோழிக்கூட்டுக்குப் பின்னால் பார்த்தார். என்னிடமும் கேட்டார். தெரியாது என்றேன். அம்மாவிடம் வாங்கப்போகும் அடியைத் தவிர வேறெதற்கும் நான் பயப்படவில்லை. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று ஸ்டோரில் கெஞ்சிவிட்டு வந்து, இரவெல்லாம் மாமா புரண்டுகொண்டிருந்தார்.

மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், ஜீப்பில் பட்டாளத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் ஒளிந்திருந்த இரண்டு கிராமத்துப் பையன்களைப் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் இந்தக் கத்தியும் கிடைத்திருந்தது. அதிகாரி கத்தியைத் தூக்கிக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

"மேக்க காகெத?"

யாருடையது என்று கேட்கிறார். அந்த மீனைத் தெரியாதவர்கள் களத்தில் இல்லை. எல்லாக் கண்களும் மாமாவிடம் போய்த் திரும்பின. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் புது மட்டையோடு நின்றேன். வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. மாமா மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முன்னால் போனார்.

"மகே மாத்தியா" என்றார். என்னுடையதுதான் ஐயா. குளிக்கப் போன இடத்தில் மறந்து வைத்துவிட்டேன் என்று, தெரிந்த கொஞ்சம் சிங்களத்தில் சொன்னார். கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதம் கொடுத்ததாக அது மாறியது. கையைப் பின்னால் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கிக் கத்தியில்லாமல் காலால் மிதித்தே முறித்து அடுப்பில் வைத்தார். பச்சைக் கட்டை. காம்பிரா முழுவதும் புகை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். மாமாவுக்காக அழுகிறேன் என்று பார்க்க வந்தவர்கள் நினைத்தார்கள். நான் அழுதது மட்டைக்காக. அடுப்படியில் உட்கார்ந்திருந்த பின் லயத்து அக்கா என்னை மடியில் இழுத்துவைத்து முகத்தைத் துடைத்துவிட்டாள்.

முதலில் விசாரணைக்கென்று மாமாவை வைத்திருந்தார்கள், பிறகு தண்டனை என்று வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. இதற்கிடையில் அக்காவின் குடும்பத்துக்கு, இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியா போகப் பாஸ்போட் வந்துவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் கப்பலுக்குப் போகும் கோச்சி நின்றது. ஏறியவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அக்கா அழவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். கல் நெஞ்சுக்காரி, மாமாவை மறந்துவிட்டாள் என்று திரும்பி வரும்போது பெண்கள் பேசிக்கொண்டார்கள். மாமா காதுக்கும் அது ஒருநாள் போய்ச் சேர்ந்தது.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. பொது மன்னிப்பு வந்தது. தோட்டத் தமிழர் என்பதால் அந்த நாட்டுக் குடியுரிமைகூட இல்லாத மாமாவை, அவர் செய்யாத குற்றத்துக்கு மன்னித்து அனுப்பினார்கள். ஒரு துணிப்பையோடு ஏற்றத்தில் நடந்து வந்தார். உள்ளே இருந்த அந்தக் கிராமத்துப் பையன்களிடம் சிங்களம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். வரும் வழியில் கடலையும் பார்த்தாராம். பின் லயத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை.

ஓடையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மீசை அரும்பியிருந்தது. அழுகையும் வந்தது.

"தெரியும்டா மாப்ள" என்றார். "மட்டையைத்தான் கொடி மாதிரி பிடிச்சிக்கிட்டு நின்னியே."

"அப்ப என்னையச் சொல்லியிருக்கலாமே மாமா. சின்னப் பையன்னு விட்டிருப்பாங்க."

"ஒன்னைய விட்டிருப்பானுங்க. யாரு குடுத்து விட்டான்னு கேக்காமயா விட்டிருப்பானுங்க? ரெண்டு அடி போட்டா நீ யாரு பேரை வேணும்னாலும் சொல்லியிருப்ப. ஒங்கப்பா பேரைச் சொல்லியிருப்ப. முதுகத் தேய்டா."

தேய்த்தேன். முதுகில் ஒரு தழும்பு இருந்தது. அந்த இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்தேன்.

அதற்குப் பிறகு நான் படித்தேன், ஆசிரியரானேன், ஓய்வும் பெற்றேன். மாமா கலியாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது ஹட்டனில் என் வீட்டில்தான் இருக்கிறார். டிவியில் கைதிகளின் விடுதலை, பொது மன்னிப்பு என்று பேச்சு வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். யார் எவர் என்று பார்க்க மாட்டார். "வீட்டுக்கு வந்து பாத்தாத்தானே தெரியும், என்னென்ன போயிருக்குன்னு" என்பார். அப்படி அவர் சொன்ன ஒரு நாளில்தான் அக்காவைத் தேடிப்போவது என்று முடிவு செய்தேன். அவர் பேரில் இருந்த பழியையாவது அவளிடம் துடைத்துவிட வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் சிலோன்காரர்கள் இருக்கும் இடங்களில் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். அங்கேயும் தேயிலை, அங்கேயும் பனி. பேரப்பிள்ளைகளோடு இருந்தாள். புருஷன் இறந்து வெகுகாலமாம். என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் அத்தை என்றேன். அவள் கை சட்டென்று தண்ணீர் வாளிப் பக்கம் போய் நின்றது. அப்புறம் சிரித்தாள்.

கத்தியை எடுத்தது நான்தான் என்று தொடங்கினேன்.

"அது அன்னைக்கே தெரியும் தம்பி. அடுப்புல பச்சைச் சவுக்கு எரிஞ்சிச்சு. அவரு கத்தியை யாருக்குக் குடுப்பாரு? நான் போய்த் தோட்டத்து எசமான்கிட்டச் சொல்லப் போறேன்னு எந்திரிச்சேன். ஒங்கம்மா என் கையைப் பிடிச்சாங்க. வாயால ஒண்ணும் சொல்லல. பிடிச்சாங்க, அவ்வளவுதான். நீங்க மடியில கெடந்து அழுதீங்க. நானும் உக்காந்துட்டேன்."

திரும்பி வந்து மாமாவிடம் அப்படியே சொன்னேன். டிவியை நிறுத்தச் சொன்னார்.

"தெரிஞ்சுதான் போனாளா?"

"ஆமா மாமா."

"நான் அந்தப் பயலுக கோஷ்டியில சேந்துட்டேன்னு நெனச்சு, அவ வெறுத்துப் போயிட்டான்னுல்ல இருந்தேன்." என் பக்கம் திரும்பினார். "நீ இத முன்னாடியே போய்க் கேட்டுட்டு வந்திருக்கலாம்டா."

அவர் வாழ்நாளில் என்மீது காட்டிய ஒரே கோபம் அதுதான். சிறைக்காக என்னை மன்னித்தவர் இதற்கு மன்னிக்கவில்லை. அது சரிதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் பேத்தி போன் எடுத்துத் தருகிறாள். இரண்டு பேரும் அங்கே மழையா, இங்கே மழையா என்று பேசுகிறார்கள். நான் வெளியே போய்விடுகிறேன். அந்த நேரத்தில் எங்கள் பழைய அடுப்படிதான் ஞாபகத்துக்கு வருகிறது. என் முகத்தைத் துடைத்துவிட்டபோது அவள் கண்ணிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது. பச்சைக் கட்டை, புகை என்று அப்போது நினைத்தேன்.