நான் ஓடாத மீதி மலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாட்டுப் பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. விடிந்தும் விடியாத நேரம். கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். கயிறு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. அணையில் தண்ணீரே தெரியவில்லை, எங்கு பார்த்தாலும் பனி. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. இல்லாத மலை மேல் எப்படி ஓடுவது என்று என் வீட்டுக்காரர் வேறு கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

நான் கால்நடை மருத்துவர். கள்ளக்குறிச்சியில் சொந்தமாகச் சின்ன மருத்துவமனை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது, 'மாட்டு டாக்டரம்மா' என்றால் வழி சொல்லிவிடுவார்கள். நாற்பத்தைந்து வயதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒருத்தி, அடிவாரத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் நிற்காமல் ஓடப் போகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் அந்த ஓட்டம் எனக்குப் பழைய சொந்தம். நான் பிறந்தது நைனார்பாளையத்தில். அங்கிருந்து பார்த்தால் வானத்தின் ஓரத்தில் இந்த மலை நீலமாய் ஒரு கோடு போலத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு கனவு வரும். வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை, பனி, முன்னால் ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள். பின்னல் அசையும். பாதம் தரையில் படுகிற சத்தமே இருக்காது. அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை, முதுகை மட்டும்தான் பார்ப்பேன். அது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பிறகு படிப்பு, கல்யாணம், பிள்ளைகள் என்று காலம் போனது. கட்டை அவிழ்த்துக்கொண்டு போன மாடுகளுக்குப் பின்னால் ஓடியதோடு சரி. கனவு மட்டும் என்னை விடவில்லை, எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அந்தக் கனவுக்கு ஒரு காரணம் கிடைத்தது, அதுவும் நல்ல காரணமில்லை. தியாகதுருகம் பக்கத்தில் கூலி வேலை செய்து பிழைக்கிற ஒரு குடும்பத்தின் கறவை மாடு, கன்று போட்டதும் விழுந்துவிட்டது. மருந்து ஏறிவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் விழுந்த மாடு எழுந்து நின்றால்தான் பிழைக்கும். படுத்தே கிடந்தால் அதன் எடையே அதன் கால்களைக் கொன்றுவிடும். கயிறு கட்டி, மூங்கில் கொடுத்து, தெருவே சேர்ந்து தூக்கிப் பார்த்தது. முடியவில்லை. கடைசியில் கறிக்கு வாங்குகிறவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அந்த மாடு போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேண்டாம், அதைச் சொல்லி உங்கள் மனசையும் கெடுக்க விரும்பவில்லை. மாட்டைப் பட்டை கட்டித் தூக்கி நிறுத்துகிற வசதியோடு ஒரு வண்டி இருந்திருந்தால் அது இன்றைக்கும் கறந்துகொண்டிருக்கும். அந்த வண்டிக்காகத்தான் மலை ஏறி ஓடி நிதி திரட்டுவது என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர், கிண்டல் செய்தாலும் காரியத்தில் கெட்டி. பால் சொசைட்டி வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் செய்தி போட்டார். 'கால்நடைகளின் நலனுக்காக மருத்துவர் மலையேறி ஓடுகிறார், நிதி தாரீர்' என்று அழகாகத்தான் எழுதினார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காரணமில்லாமல் மலை ஏறி ஓடுவாளா? வாய் மாறிப் போகப் போக, 'மாடுங்க நல்லா இருக்கணும்னு டாக்டரம்மா வேண்டிக்கினு ஓடுது' என்று ஆகிவிட்டது. வேண்டுதலெல்லாம் இல்லை, இது நிதி திரட்டுவது என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். "ஆமா ஆமா, எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். படித்த ஒருத்தி திட்டம் போட்டு ஒன்றைச் செய்தால் அதையும் சாமி கணக்கில் எழுதிவிடுகிறார்களே!

சின்னசேலம் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிற ஒரு பெரியவர், தன் மாடுகளை என்னிடம்தான் காட்டுவார். அவர் வந்து, "நீங்க மேல போய்ச் சேருங்க, வண்டிய நான் வாங்கித் தர்றேங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வார்த்தையில் முடிச்சுப் போட்டார். "ஆனா பாதியில நின்னுட்டா என்னைக் கேக்கக் கூடாதுங்க. பாதியில நின்ன வேண்டுதலுக்குக் காசு போட்டா எங்க குடும்பத்துக்கு ஆவாது." கெட்ட மனிதர் இல்லை, அவர் நம்பிக்கை அப்படி. வெள்ளிமலையில் மாலையோடு காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் கொடுத்ததையெல்லாம் சேர்த்தாலும் மருந்து வாங்கத்தான் காணும். வண்டி வேண்டுமென்றால் நான் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அந்த டீக்கடை வாசலில் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா வந்து என் கையைப் பிடித்தார்.

"இன்னாம்மா, காப்பு கட்டாமயா கெளம்பறே?"

"எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லம்மா."

"அட, கையைக் குடு."

மஞ்சள் கிழங்கை நூலில் கோத்து என் மணிக்கட்டில் கட்டியே விட்டார். வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, "பேசாம கட்டிக்கோ, கடிகாரத்தை விட இது லேசு" என்றார். அவர் காலடியில் என் மருத்துவப் பை இருந்தது. மாட்டு டாக்டர் சாவுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பை இல்லாமல் போவதில்லை.

ஓட ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் மூச்சு சமனாகிவிட்டது. பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? பனிக்குள் முதலில் ஒரு சிவப்புக் கொம்பு தெரிந்தது. பக்கத்தில் ஒரு நீலக் கொம்பு, அப்புறம் பச்சை. பொங்கலுக்குப் பூசிய வர்ணம் அழியாத மாடுகளைப் பாதையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நின்றிருந்தார்கள். மாடுகளின் உடம்பு பனியில் கரைந்துபோய்க் கொம்புகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. யாரும் சத்தம் போடவில்லை. பெண்கள் குடத்தோடு வந்து மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றினார்கள். என் விலை உயர்ந்த ஷூ மஞ்சளாகிச் சளக் சளக் என்றது. வேறொரு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று ஏனோ கோபம் வரவில்லை. தூக்கத்தில் ஓடுகிற மாதிரியே இருந்தது. வளைவுக்கு மேல் வளைவாக ஏறிக்கொண்டே போனேன்.

பாதி மலைக்கு மேல், ரோட்டோரத்தில் ஒற்றையாய் ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், குடத்தோடு தனியாக நின்றிருந்தாள். நான் நெருங்கியதும் காலில் தண்ணீர் ஊற்றினாள். வீட்டின் பின்பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்ததில் பாதித் தண்ணீர் ரோட்டில்தான் விழுந்தது. பிள்ளை எழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து வருகிற முக்கல். கன்று வெளியே வராமல் சிக்கிக்கொண்ட மாட்டைத் தவிர வேறு எதுவும் அப்படி முக்காது. இருபது வருடமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா? நின்றுவிட்டேன்.

"எப்பலருந்து இப்படி இருக்கு?"

"கோழி கூப்பிட சொல்லோ ஆரம்பிச்சுதுங்க."

"என்னைப் பார்த்தீங்க, தண்ணி ஊத்துனீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் குடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "வேண்டுதல்ல போய்க்கினு இருக்கறவங்கள நிறுத்தக் கூடாதுங்க. நீங்க மேல போய்ச் சேந்தா எங்க மாடும் நல்லாருக்கும்ல?"

பின்னால் மாடு செத்துக்கொண்டிருக்கிறது, முன்னால் டாக்டர் போகிறாள், இவள் வாயை மூடிக்கொண்டு என் காலைக் கழுவி வழியனுப்பியிருக்கிறாள். வண்டி, மேலே காத்திருக்கிற மாலை, என் கனவு எல்லாம் ஒரு நொடி கண்ணுக்குள் வந்து நின்றது. வரவில்லை என்று சொன்னால் பொய். மாடு மறுபடி முக்கியது. பையை எடுத்து வரச் சொல்லி வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

கன்றின் தலை பின்பக்கம் திரும்பியிருந்தது. கால்கள் வெளியே வருகின்றன, தலை வரவில்லை. உள்ளே கையை விட்டு, கன்றைப் பின்னுக்குத் தள்ளி, தலையைத் தேடிப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறை மாடு முக்கும்போதும் என் கை எலும்பு நொறுங்குகிற மாதிரி இருக்கும். அவள் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். புருஷன் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான், வீட்டில் அவளும் மாடும்தான். வெயில் ஏறி, பனி கலைந்து, ரோட்டில் நின்றிருந்த ஜனமெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் தலை என் கைக்கு வந்தது. கயிறு போட்டு மூன்று பேரும் இழுத்தோம். கன்று மூச்சில்லாமல் விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோல் துரும்பை நாசிக்குள் விட்டுத் திருகி, நெஞ்சைத் தேய்தேய் என்று தேய்த்தேன். தும்மியது! பெண் கன்று, கிடாரி. அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

சரி, மீதியையாவது ஓடிவிடலாம் என்று ரோட்டுக்கு வந்தேன். கால் இரண்டும் விறைத்துப்போயிருந்தன. வலது கை தோளிலிருந்து தொங்கியது. கொஞ்சம் ஓடினேன், தொடை பிடித்துக்கொண்டது, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தியாகதுருகத்து மாட்டின் கண் ஞாபகம் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், எனக்கு வெட்கமே இல்லை.

"இன்னாத்துக்கு அழுவுறாங்க?" என்று பின்னாலேயே வந்துவிட்ட அவள் என் வீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் வண்டி விஷயத்தையும், ஆலைக்காரர் போட்ட நிபந்தனையையும் சொன்னார். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"காப்ப அவுத்து எனக்குக் கட்டுங்க. வேண்டிக்கினவங்களுக்கு முடியலன்னா அந்த வூட்ல ஒருத்தர் முடிக்கலாங்க. எங்க பக்கம் அதான் வழக்கம்."

"நான் உங்க வீடு இல்லையேம்மா."

"எங்க மாட்டு வவுத்துல கைய வுட்டு உசிர எடுத்துக் குடுத்துட்டீங்க. இன்னும் இன்னா வேற வூடு?"

வேண்டுதலே இல்லை என்று அத்தனை பேரிடம் சண்டை போட்டவள் நான். அன்று பேசாமல் காப்பை அவிழ்த்து அவள் கையில் கட்டினேன். பக்கத்து நிலத்துக்கு வேலைக்கு வந்திருந்த பெண்ணிடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓட ஆரம்பித்தாள். செருப்புகூட இல்லை.

நான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் அவளுக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டினார். மேலே ஏற ஏற, கலைந்த பனி மறுபடி வந்து சூழ்ந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து போனது. முன்னால் அவள் முதுகு. பின்னல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. வெறும் பாதம், சத்தமே இல்லை. இத்தனை வருடங்களாக நான் பார்த்த அதே பாதை, அதே முதுகு. வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிமலையில் ஆலைக்காரர் மாலையோடு நின்றிருந்தார். மாட்டுச் சாணமும் ரத்தமும் பூசிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்திறங்கிய என்னையும், மூச்சு வாங்க வந்து நின்ற அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓடி வந்தது யாருங்க?"

அவள் காப்புக் கையைத் தூக்கிக் காட்டினாள். "டாக்டரம்மாதானுங்க. நான் காலு மட்டும் குடுத்தேன்."

நடந்ததைக் கேட்டவர் மாலையை அவள் கழுத்தில் போட்டார். "வேண்டுதல் நிறைஞ்சிடுச்சுங்க" என்றார், அவ்வளவுதான். சித்திரை பிறப்பதற்குள் வண்டி என் வாசலில் வந்து நின்றது. அது தூக்கி நிறுத்திய மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒருத்தியின் வெறுங்கால்தான் எனக்கு ஞாபகம் வரும். அந்தக் கிடாரி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. வண்டி அந்த ஓட்டு வீட்டைத் தாண்டும்போது தலையைத் தூக்கிப் பார்க்கும், எனக்காகத்தான் பார்க்கிறது என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

மீதி மலையை எப்போது ஓடப் போகிறாய் என்று வீட்டுக்காரர் இன்னமும் சீண்டுகிறார். எனக்கு ஓடத் தோன்றவில்லை. இப்போதும் அந்தக் கனவு வருகிறது. முன்னால் ஓடுகிறவள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் போய்விட்டதால், அவள் பின்னலைப் பார்த்தபடியே நிம்மதியாகத் தூங்குகிறேன்.