உ உதிர்ந்த நாற்காலி

தானம் கொடுக்க வருகிறவருக்குப் போர்த்துகிற பொன்னாடையை, தானம் வாங்குகிறவர்கள்தான் வாங்கி வைக்க வேண்டும். இந்த வேடிக்கை எந்த ஊர் நியாயமோ தெரியாது, எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். பெரிய தானக்காரர் ஒருவர் வந்த அன்று என் வகுப்பில் சாக்பீஸ் இல்லை. பொன்னாடை மட்டும் பளபளவென்று ஜரிகையோடு இருந்தது. கடையில் பேரம் பேசி வாங்கி வந்தவள் நான்தான்.

கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், நாலுவழிச் சாலையிலிருந்து பிரிகிற மண் ரோட்டில், அரசு உதவி பெறும் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் எல்.கே.ஜி. டீச்சர். உதவி என்பதெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதற்குக் கீழே இருக்கிற வாண்டுகளுக்கு அரசாங்கம் ஒன்றும் தராது, தாளாளர் மனசு வைத்தால் உண்டு. பள்ளியை ஆரம்பித்தது அவருடைய தாத்தா. தாத்தாவுக்கு அது கௌரவம், பேரனுக்கு அது ரோட்டோரத்து இடம். அவர் பள்ளிக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளைப் பார்ப்பதைவிட காம்பவுண்டுச் சுவரைத்தான் அதிகம் பார்ப்பார்.

என் பிள்ளைகளின் அம்மாக்கள் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். சொந்த வயலைப் பிளாட் போட்டு விற்றுவிட்ட வீட்டுப் பெண்களும் உண்டு, அதே வயலில் முன்பு கூலிக்கு நாற்று நட்ட வீட்டுப் பெண்களும் உண்டு. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நீல ஓவர்கோட்டுதான். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். என் வகுப்பு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே போகும் என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது.

ஒரு ஐப்பசி மழையில் எங்கள் கூரை பிய்த்துக்கொண்டது. நான் வருஷக்கணக்கில் வரைந்து சேர்த்த படங்கள், அட்டையில் வெட்டிய மிருகங்கள், துணியில் தைத்த பொம்மைகள் எல்லாம் சாம்பாரில் விழுந்த அப்பளமாகிவிட்டன. கூரையை ஒட்டுப் போட்டார்கள். அறையை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. வெறும் தரை, வெறும் சுவர், நடுவில் நான். புளியங்கொட்டையையும் கூழாங்கல்லையும் வைத்து வகுப்பை ஓட்டினேன். அது நல்ல வகுப்புதான், ஆனால் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற அம்மாவின் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு மஞ்சள் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது. இங்கிலீஷ் ஸ்கூல் வேன். மூன்றரை வயசுக் கழுத்தில் டை, காலில் ஷூ. மூக்கு ஒழுகினால் துடைக்கத் தெரியாத பிள்ளை அந்த டையாலேயே துடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து நம் ஜனங்களுக்கு என்ன பெருமை! கடன் வாங்கியாவது வேனில் ஏற்றினார்கள். என் பாயில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

தாளாளர் ஒரு நாள் சுவரைப் பார்த்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார். "டீச்சரம்மா, இம்புட்டுப் புள்ளைகளுக்கு ஒரு ரூமா? வார ஜூனுக்குள்ள ஆளு சேக்குறதுன்னா சேருங்க. இல்லைன்னா ரூமைச் சத்துணவு ஸ்டோருக்குக் குடுத்துருவோம்" என்றார். அரிசி மூட்டைக்கு மூக்கு ஒழுகாது, அழவும் செய்யாது. அவர் கணக்குக்கு அது சரிதான்.

நான் வாய்விட்டுக் கேட்டேன். தெரிந்தவர், தெரியாதவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், எல்லோரிடமும் என் வகுப்புக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். கேட்பதில் எனக்கு வெட்கம் இல்லை. கொடுத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கலாம்.

முதலில் ஒத்தக்கடைப் பக்கத்துப் புது வீடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒற்றைக் காதுக் கரடி, பாதித் துண்டுகள் தொலைந்துபோன பனி மனிதன் படம், நுழைவுத் தேர்வுக்கான பௌதிக கைடு. எல்.கே.ஜி.க்கு பௌதிகம்! ஒரு பழைய கம்ப்யூட்டரின் கீபோர்டு மட்டும் தனியாக வந்தது. அதில் எஸ்கேப் பொத்தான் இல்லை. கொடுத்தவரே அதை வைத்துக்கொண்டு எஸ்கேப் ஆகிவிட்டார் போலிருக்கிறது. வீட்டை ஒழித்ததற்குப் பெயர் தர்மம், குப்பையைச் சுமந்ததற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் வந்தவர்தான் பெரிய கை. தொழிற்பேட்டையில் சாக்கு நெய்கிற கம்பெனி முதலாளி. அவர் வருவதற்கு முந்தின நாளே அவருடைய ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. அது எங்கள் வகுப்புச் சுவரைவிட அகலம். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். அவர் ஒரு சின்ன நாற்காலியை ஒரு பிள்ளையிடம் கொடுத்தார், போட்டோக்காரர் "இன்னொரு தடவ சார்" என்றார், பிள்ளையிடமிருந்து பிடுங்கித் திரும்பக் கொடுத்தார். மறுபடியும் பிடுங்கினார். மூன்றாவது தடவை அந்தப் பிள்ளை நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

பொருள்கள் நல்ல பொருள்கள்தான், அதை நான் மறைக்க மாட்டேன். குட்டி நாற்காலிகள், தணிந்த மேசைகள், கரும்பலகை, மரக்கட்டைகள், மிருகப் படங்கள். ஆனால் எதையும் சும்மா விடவில்லை மனிதர். அச்சுத் தகடு வைத்துச் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்' என்று போட்டு, கீழே அவர் அப்பா பெயர், கம்பெனி பெயர். யானைப் படத்தில் தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அவர் அப்பா இருந்தார். நாற்காலியில் முதுகு சாய்கிற பலகையிலும் மரக்கட்டையிலும் பெயர் எழுத இடம் போதவில்லை, அதனால் வெறும் 'உபயம்' மட்டும். எங்கு திரும்பினாலும் உபயம். கோயிலில் டியூப் லைட்டுக்கு எழுதுவார்கள், வெளிச்சம் வராது. இங்கே பாடத்துக்கு எழுதிவிட்டார்கள்.

பிளேடு வைத்துச் சுரண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"டீச்சர், இதுல என்ன எழுதிருக்கு?"

எரிச்சலில் "உபயம்" என்றேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சொல் எல்லாவற்றிலும் இருந்ததால் அதுதான் அந்தப் பொருள்களின் பெயர் என்று முடிவு செய்துவிட்டார்கள். "டீச்சர், இவன் எம் உபயத்த எடுத்துட்டான்" என்று நாற்காலிக்காகச் சண்டை வந்தது. நாற்காலி என்ற சொல்லே எங்கள் வகுப்பில் செத்துப்போனது. தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு யோசித்தேன். கையில் இருப்பது இந்த நாலு எழுத்துதான் என்றால் நாலையும் சொல்லிக்கொடுப்போம். உ, ப, ய, ம். உரலின் உ, பழத்தின் ப, பாயசத்தின் நடுவில் இருக்கிற ய, மரத்தின் கடைசி ம். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரல் வைத்து வாயால் சொல்ல வேண்டும். அ ஆ பக்கமே போகாமல் உ-வில் ஆரம்பித்த தமிழ் வகுப்பு எங்களுடையதாகத்தான் இருக்கும். தமிழாசிரியர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள்.

வகுப்பில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் அம்மாவுக்கு பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை. வேன் ஸ்கூல் கனவெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. என் வகுப்பை மூடினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் விடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று அந்த அம்மாவே என்னிடம் சொல்லியிருந்தாள். எழுத்துச் சொல்கிற நேரம் தவிர அந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள். காலையில் வந்து ஒரே நாற்காலியில் உட்காருவாள், அம்மா போன திசையைப் பார்த்து சத்தமில்லாமல் அழுவாள். முதுகை நாற்காலியில் தேய்த்துத் தேய்த்து அழுகிற அழுகை.

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் தாளாளர் பெற்றோர் கூட்டம் போட்டார். வகுப்பை மூடுவதைச் சொல்லத்தான் கூட்டம் என்பது எனக்குத் தெரியும். பேக்கிங் அம்மா பர்மிஷன் போட்டுவிட்டு ஓவர்கோட்டோடு ஓடி வந்தாள். வேனுக்கு மாறிப்போன அம்மாக்களில் ஒருத்தியும் டை கட்டிய மகனோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

தாளாளருக்கு மூடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அருகில் நின்ற அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு மேசையைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார்.

"உபயம்."

கரும்பலகையைக் காட்டினார். "உபயம்." நாற்காலியைக் காட்டினார். "உபயம்." கூட்டம் சிரித்தது. டை கட்டிய பையன் கேட்காமலேயே "ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால்" என்று பொரிந்து தள்ளினான். அவன் அம்மா முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"என்ன டீச்சரம்மா, இம்புட்டு நாளா இதத்தான் சொல்லிக் குடுத்தீகளா?" என்றார் தாளாளர். பேக்கிங் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பு போய்விட்டது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது.

தாளாளருக்கு விளையாட்டு ருசித்துவிட்டது. இன்னொரு நாற்காலியைக் காட்டினார். அவள் தினமும் உட்காருகிற நாற்காலி. இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

"என்ன, பேட்டரி தீந்துருச்சா?"

அவள் குனிந்தாள். எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ப... ய... ம்." இன்னொரு தடவை விரலை ஓட்டினாள். "பயம்."

தாளாளர் என்னைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னாள். "இது உபயம் இல்ல. உ இல்ல."

தாளாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அவள் முதுகு தேய்த்த இடத்தில் உ உதிர்ந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது பயம். நான் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஒப்பிக்கிற பிள்ளையாக இருந்தால் அதையும் உபயம் என்றுதான் சொல்லியிருக்கும். இவள் படித்தாள்.

பேக்கிங் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி, எம்புள்ள எழுத்துக்கூட்டுது! எனக்கே இம்புட்டு வெரசா வராது டீச்சர்" என்றாள். வேன் அம்மா தன் மகனை அந்த நாற்காலி முன்னால் தள்ளி, "நீயும் படிடா" என்றாள். அவன் நாற்காலியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "ஏ ஃபார் ஆப்பிள்" என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், முந்தானைக்குள்.

நம் ஜனங்கள் டைக்கு மயங்குவார்கள், ஆனால் ஏமாந்தது தெரிந்துவிட்டால் ஒரு நாள் பொறுக்க மாட்டார்கள். திருவிழா முடிவதற்குள் வேனிலிருந்து பிள்ளைகள் இறங்க ஆரம்பித்தார்கள். "சரி, ஓடட்டும், பாப்போம்" என்றார் தாளாளர், ஏதோ அவர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி. சாக்கு முதலாளிக்குச் சேதி போனது. அடுத்த வாரமே புது ஃப்ளெக்ஸ் வந்தது. பிள்ளைகளுக்கு அறிவுக் கண்ணைத் திறந்தது அவர் அப்பாவாம். அதில் அந்தப் பெண்ணின் படமும் இல்லை, என் படமும் இல்லை. அவர் படம் இரண்டு இருந்தது.

இதெல்லாம் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலிகள் வந்திருக்காவிட்டால் இன்று அந்த அறையில் அரிசி மூட்டைதான் இருக்கும். அந்த மனிதரை வாய்க்குள் திட்டிக்கொண்டே தினமும் அவர் நாற்காலிகளைத் துடைத்து அடுக்குகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், அறை முழுக்க ஒப்பாரி. அந்தச் சின்னப் பெண் இப்போது யு.கே.ஜி., அதே அறையில்தான். காலையில் வந்ததும் அழவில்லை. என் மேசையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்த் தன் பழைய நாற்காலி எதிரே குத்தவைத்து, பயத்துக்கு முன்னால் கோணலாக ஒரு உ போட்டாள். மத்தியானத்துக்குள் யார் முதுகிலாவது ஒட்டிக்கொண்டு அது போய்விடும். மறுநாள் மறுபடியும் போட்டாள்.

"ஏன்டீ தெனமும் இதச் செய்யுற?" என்று கேட்டேன்.

"பயம்னு எழுதிருக்குல்ல டீச்சர். புதுசா வார புள்ள அதுல உக்காந்தா அழுகும்ல" என்றாள்.

அந்த நேரத்தில்தான் சாக்கு முதலாளி போன் செய்தார். பள்ளி திறந்த அன்று எடுத்த போட்டோவில் ஒரு நாற்காலியில் எழுத்து அழிந்திருப்பதைப் பார்த்தாராம். பெயிண்டரை அனுப்புகிறேன், உ-வை நன்றாக அழுத்தமாக எழுதிவிடுவான் என்றார்.

"வேணாம் சார்" என்றேன். "அதுக்கு எங்ககிட்ட ஆளு இருக்கு."