பத்துக்கு இரண்டு வலி

இங்கிலாந்தில் வலிக்கு மதிப்பெண் உண்டு. நான் நர்ஸாக இருக்கும் வார்டில் நோயாளியிடம் முதலில் கேட்பதே "பத்துக்கு எத்தனை?" என்றுதான். பெயின் ஸ்கோர் என்பார்கள். கால் நகம் பெயர்ந்து வந்த ஒரு பெரியவர் தினமும் "பதினொன்று" என்கிறார். படிவத்தின் கட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால் கோபித்துக்கொள்கிறார்.

மம்சாபுரத்தில் வலி சும்மா வலிக்காது. குடையும், கடுக்கும், சுண்டி இழுக்கும், விண்விண்ணென்று தெறிக்கும். ராஜபாளையம் மில்லில் நின்றே வேலை பார்த்த என் அம்மா, முழங்காலுக்குள் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதாக டாக்டரிடம் சொல்வாள். அவர் 'மூட்டுவலி' என்று எழுதுவார். மொத்தக் கவிதையும் காலி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எந்த நோயின் ஆங்கிலப் பெயரையும் மூச்சுவிடாமல் சொல்வேன். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

போன மாதம் இடைவேளையில் வீடியோவில் அழைத்தபோது அம்மாவுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறதாம். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"பத்துக்கு எத்தனம்மா?"

"ரெண்டு போட்டுக்கோ, போதும்."

"போதுமா? நான் என்ன பந்தியில பாயசமா ஊத்துதேன்?"

"ஏட்டி, எதையும் கூடக் கேக்கப்பிடாது."

எங்கள் பக்கம் எது கொடுத்தாலும் 'கொஞ்சம் போதும்' என்பதுதான் மரியாதை. நெஞ்சுவலியிலும் அம்மா அதை விடவில்லை. நான் மதிப்பெண் கேட்பதை விட்டேன்.

"சரி, எப்படி இருக்குன்னு சொல்லு."

"மாருமேல அம்மிய வச்சு, ஒருத்தி சம்மணம் போட்டு உக்காந்து மசாலா அரைக்கா. அரைச்ச காரம் எடது கையில வழியுது."

மாரடைப்பைப் பற்றி என் பாடப்புத்தகம் ஒரு அத்தியாயம் எழுதியிருந்தது. அம்மா இரண்டு வரியில் முடித்துவிட்டாள். "அசையாம உக்காரு!" என்று கத்திவிட்டு, பக்கத்துவீட்டு மதினிக்குப் போன் போட்டு நூற்றெட்டைக் கூப்பிடச் சொன்னேன்.

"ரெண்டுக்குப் போயி ஆம்புலன்சா? ஊரு சிரிக்கும்" என்று அம்மா ஏறும்வரை மதினியிடம் மல்லுக்கட்டினாளாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், நேரத்துக்குக் கொண்டுவந்ததால் பிழைத்தாள் என்றார்கள். மறுநாள் பேசினாள்.

"இப்ப எப்படிம்மா?"

"அம்மிய எறக்கியாச்சு. அந்தச் சிறுக்கிதான் இன்னும் வாசல்ல நிக்கா."

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். பிறகு வார்டுக்குள் போக முடியாமல், நெஞ்சில் கைவைத்தபடி நடைவழியில் நின்றேன். அந்தப் பக்கம் வந்த ஆங்கிலேயத் தோழி பதறிப்போய்க் கேட்டாள்: "வலிக்கிறதா? பத்துக்கு எத்தனை?"

"இரண்டு" என்றேன்.

இங்கே இரண்டென்றால் மாத்திரைகூடத் தரமாட்டார்கள். அவள் நிம்மதியாகப் போய்விட்டாள்.