கடைசி எண்ணிலிருந்து

யாராவது அறிவுரை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த இரண்டு பேர் சொன்னதை மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்டதால்தான் பிழைத்தேன்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் சுரங்க ஆபீசுக்கு அட்டை மெஷின் வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. அவருடைய நம்பர், ஷிப்ட், வேலை எல்லாம் அதில் ஓட்டைகளாக இருக்கும். இப்போது டேட்டாபேஸ் என்று அலட்டிக்கொள்கிறார்களே, எங்களுக்கு அது தகரப் பெட்டி நிறைய அட்டை. மூன்று பேரைத் தற்காலிகமாக எடுத்தார்கள்: நான், ஒரு கத்தோலிக்க அக்கா, பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பௌத்த அண்ணன். பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம்.

எனக்கு அது வெறும் வேலை இல்லை. அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இனி சுரங்கத்தில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கேட்டால்தானே! "நான் நின்னுட்டா கம்பெனி வூட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க. நீ பாஸாயிடு, நான் மேல வந்துடறேன்" என்று இருமிக்கொண்டே தினமும் கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிப்டில், இறங்கினார்.

எங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சர்ச் ஹாலில் அக்கா படிப்பார், அண்ணன் விளக்குவார், நான் சண்டை போடுவேன். அட்டைகளை நம்பர் வரிசையில் அடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நம்பரிலும் கடைசி எண்ணைப் பார்த்து முதலில் பிரிக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் சேர்த்து, பிறகு அதற்கு முந்தைய எண். "இது இன்னாண்ணா, தலையைச் சுத்தி மூக்கைத் தொடற வேலை?" என்றேன். "செஞ்சிதான் பாரேன்" என்றார். செய்தேன். கடைசிச் சுற்றில் எல்லாம் தானாக வரிசையில் வந்து உட்கார்ந்தது. அடேயப்பா!

பழைய சீட்டுக்கட்டின் மேல் நம்பர் எழுதித்தான் பழகினோம். ஒரு நாள் பாஸ்டரம்மா உள்ளே வந்துவிட்டார். "சர்ச்சுல சீட்டாட்டமா? இன்னா தைரியம் உங்களுக்கு!" அண்ணன் சட்டென்று எழுந்து, "சீட்டாட்டம் இல்லீங்கம்மா, படிப்புங்க" என்றார். அம்மா நம்பவே இல்லை. ஆனால் அடுத்த வாரம் ஒரு பெட்டி நிறைய பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து வைத்தார். "இதுல எழுதிப் படிங்க, போங்க." அந்த மகராசிக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பரீட்சையில் மெஷின் கிடையாது, கையால் அடுக்க வேண்டும். நான் கடைசிச் சுற்றில் இருந்தேன். திடீரென்று தரை குலுங்கியது, ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. கீழே பாறை வெடித்திருந்தது. இது நடந்தால் எங்கள் ஊரில் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு, கேஜ் இறங்கி ஏறும் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். அப்பா கீழே இருந்தார். அட்டைகளை அப்படியே தரையில் சிதறவிட்டு ஓடினேன். பரீட்சை வைத்த அதிகாரியும் ஓடினார்.

கேஜ் மேலே வந்தது. தலையெல்லாம் புழுதியோடு அப்பா இறங்கினார். என்னைப் பார்த்ததும் கத்தினார்: "நீ இன்னாடி இங்க? பரிச்ச இன்னா ஆச்சி? போடி!" அழுதுகொண்டே சிரித்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.

பரீட்சை ஹாலில் அக்காவும் அண்ணனும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய அட்டைகள் மேஜையில் பாதியில் கிடந்தன. ஆபீஸ் கூட்டம் ஓடியபோது அக்கா கையை விரித்துக்கொண்டு, "மிதிக்காதீங்க!" என்று கத்தி என் அட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறார். ஓரம் மடங்கிய அட்டை பிறகு ஆபீஸ் மெஷினில் சிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் புடவைத் தலைப்பால் துடைத்து, நீவி, ஒரே பக்கம் பார்க்கும்படி சேர்த்து வைத்திருந்தார்கள்.

"உங்க பரிச்ச?"

"அது கெடக்குது. அப்பா வந்துட்டாரில்ல?" என்றார் அக்கா. "நாங்க அடுக்கல, அது உன் வேலை. கடைசி நம்பர்லருந்து ஆரம்பி."

திரும்பி வந்த அதிகாரி தரையில் இருந்த எங்களைப் பார்த்தார். மூவருக்கும் முதலிலிருந்து நேரம் கொடுத்தார். மூவரும் தேறினோம்.

வேலை நிரந்தரமான பிறகு வந்த திங்கட்கிழமை, ஷிப்ட் சங்கு ஊதியது. அப்பா பழக்கத்தில் எழுந்து பூட்ஸைத் தேடினார். பிறகு சிரித்துக்கொண்டே அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷமும் தினமும் அவருக்கு நாங்கள் சொல்லி அனுப்பியதை அன்று அவர் எனக்குச் சொன்னார்.

"பாத்துப் போய்ட்டு வா."